சோதனையின் கதை – 7: சீட்டுக் குலுக்கிய வயல்

1910ஆம் ஆண்டின் கோடைக்காலம். லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்ற சிற்றூரில், ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கோதுமை முற்றி நின்றது. அறுக்க வந்தவர்கள் வழக்கம்போல வயலின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்கு அறுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு ஏக்கரை 500 துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டின் விளைச்சலையும் தனித்தனியே கட்டி, தனித்தனியே அடித்து, தனித்தனியே நிறுத்து எழுதினார்கள். நம் கணக்கில் ஒரு துண்டு என்பது ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு. கட்டிலும் பீரோவும் போட்டால் நிறைந்துவிடும் அளவு.

மெர்சர், ஹால் என்ற இருவரின் ஏற்பாடு அது. அவர்கள் உரத்தையும் சோதிக்கவில்லை, விதையையும் சோதிக்கவில்லை. வயல் முழுக்க ஒரே விதை, ஒரே உழவு, ஒரே கவனிப்பு. அப்படியிருந்தும் ஒரு துண்டில் 2.73 பவுண்டு தானியம், இன்னொன்றில் 5.16 பவுண்டு! சராசரி 3.95.

உழவர் எவரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார். கிணற்றடி ஒரு மாதிரி விளையும், மேட்டுப்பக்கம் ஒரு மாதிரி விளையும் என்பது அவருக்குத் தெரிந்த சங்கதி. ஆனால் உரங்களைச் சோதித்து ஊருக்குச் சொல்ல வேண்டிய விஞ்ஞானிக்கு வயிற்றைக் கலக்கும் சேதி இது. 5.16 பவுண்டு விளையும் துண்டில் தற்செயலாகப் புது உரம் விழுந்திருந்தால்? 2.73 பவுண்டுத் துண்டு உரமில்லாமல் விடப்பட்டிருந்தால்? விளைச்சலை இரட்டிப்பாக்கும் அதிசய உரம் என்று மூட்டையில் அச்சடித்து விற்றிருப்பார்கள். உரத்தில் வெறும் மண்ணாங்கட்டி இருந்தாலும் அந்த எண்கள் மாறியிருக்காது.

சாலிஸ்பரி கப்பலில் 1747இல் 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஸ்கர்வி நோய்க்கு மருந்து தேடிய ஜேம்ஸ் லிண்டை இத்தொடரில் பார்த்தோம். டப்ளின் கின்னஸ் மது ஆலையில் இருந்துகொண்டு, கையில் நாலைந்து அளவீடுகள் மட்டுமே இருந்தாலும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று 1908இல் கணக்குப் போட்டுக் காட்டிய வில்லியம் கோசெட்டையும் பார்த்தோம். 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய அதே கோசெட்தான் மெர்சர், ஹால் கட்டுரைக்குப் பின்னிணைப்பும் எழுதினார். கணக்கு வந்துவிட்டது. அந்தக் கணக்குக்கு ஏற்ற வயல் மட்டும் இன்னும் வரவில்லை.

ரோதம்ஸ்டெட் அதற்குள் பழம்பெரும் நிறுவனமாகியிருந்தது. ஜான் பென்னட் லாஸ் என்ற நிலக்கிழார் 1843இல் தன் சொந்தப் பண்ணையில், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தொடங்கியது. லாஸ் சூப்பர் பாஸ்பேட் தயாரிப்புக்குக் காப்புரிமை பெற்றவர். உரம் விற்றுப் பணம் சம்பாதித்தவர். உரம் விற்பவரே உரத்தைச் சோதிக்கலாமா என்று இன்றைக்கு யாரும் கேட்பார்கள். அவர் அமைத்த பிராட்பால்க் வயலில் நீளநீளப் பட்டைகளாகக் கோதுமை விதைத்து, ஒரு பட்டைக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று ஆண்டுதோறும் அதே பட்டைக்கு அதையே இட்டு வந்தார்கள். இன்றும் அந்தச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது.

விளைச்சல் கணக்குகள் நோட்டு நோட்டாகக் குவிந்தன. அவற்றை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. 1919இல் நிலைய இயக்குநர் ஜான் ரஸ்ஸல், அந்தக் குவியலைக் கிளறிப் பார்க்க ஒரு கணித இளைஞரைத் தற்காலிக வேலைக்கு எடுத்தார். பெயர் ரொனால்ட் ஃபிஷர். வயது 29.

ஃபிஷருக்குச் சிறு வயதிலிருந்தே கண் மோசம். மின்விளக்கில் படிக்கக் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்ததால், மாலை நேரப் பாடங்களைக் காகிதமும் பென்சிலும் இல்லாமல் காதால் கேட்டே படித்தார். வடிவங்களை மனத்துக்குள்ளேயே சுழற்றிப் பார்க்கும் வித்தை அப்படிக் கைவந்தது. பிற்காலத்தில் அவருடைய நிரூபணங்களைப் படித்தவர்கள், நடுவில் நாலு படிகளைக் காணோமே என்று தவித்ததற்கும் இதுவே காரணம் என்பார்கள். அந்தப் பார்வையினால்தான் முதல் உலகப் போரில் ராணுவமும் அவரை எடுக்கவில்லை. ரோதம்ஸ்டெட் அழைத்த அதே சமயம், புள்ளியியலின் சக்கரவர்த்தியாக விளங்கிய கார்ல் பியர்சனும் லண்டனில் வேலை தருவதாகச் சொன்னார். சக்கரவர்த்தியின் நிழலைவிட வயற்காடு மேல் என்று ஃபிஷர் முடிவு செய்தார்.

'மில்லியனர்' என்ற கணக்குப் பொறியின் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி, பிராட்பால்க்கின் 13 பட்டைகளின் 67 ஆண்டு விளைச்சலை அவர் அலசினார். எருக்குழியைக் கிளறும் வேலை என்று அவரே இதைக் கேலியாகச் சொன்னதுண்டு. கிளறியதில் கிடைத்தவை சுவையானவை. ஆண்டுக்கு ஆண்டு மழையால் ஏற்படும் ஏற்ற இறக்கம் ஒன்று. சத்துக் குறைந்துகொண்டே போகும் மண்ணின் மெதுவான சரிவு இன்னொன்று. இரண்டிலும் சேராமல், பல ஆண்டுகள் ஏறிப் பல ஆண்டுகள் இறங்கும் மூன்றாவது அசைவும் இருந்தது. இது எங்கிருந்து வந்தது? ஃபிஷரின் சந்தேகம் களைகள் மேல் விழுந்தது. அந்த வயலில் களை பிடுங்கியவர்களில் உள்ளூர்ச் சிறுவர்களும் உண்டு. 1876, 1880 ஆண்டுகளின் கல்விச் சட்டங்கள் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின. பையன்கள் வகுப்பறைக்குப் போனார்கள். களை வயலுக்கு வந்தது. நாடாளுமன்றத்தில் போட்ட சட்டம் கோதுமை மணியில் தெரிகிறது!

இத்தனையும் கண்டுபிடித்தவரால், எந்த உரம் எவ்வளவு கூடுதலாகத் தந்தது, அந்த வித்தியாசத்தை எவ்வளவு நம்பலாம் என்ற எளிய கேள்விக்கு மட்டும் பழைய நோட்டுகளிலிருந்து உறுதியான பதில் சொல்ல முடியவில்லை. காரணம், ஒவ்வோர் உரத்துக்கும் ஒரே பட்டை. தொழுவுரப் பட்டையில் கூடுதலாக விளைந்தது தொழுவுரத்தாலா, அந்த இடத்து மண்ணாலா? இன்னொரு தொழுவுரப் பட்டை இருந்தால் ஒப்பிடலாம். இல்லை. 67 ஆண்டு உழைப்பு, மில்லியனர் பொறி, மேதை மூளை எல்லாம் சேர்ந்தாலும் 1843இல் விட்ட ஓட்டையை அடைக்க முடியாது. விளைந்த பிறகு அழைக்கப்படும் கணக்காளரால் ஆகக்கூடியது கொஞ்சம்தான், விதைப்பதற்கு முன்பே அவர் வயலுக்கு வந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் ஃபிஷருக்கு இங்கேதான் வேர்விட்டது.

இனி, எல்லோரும் சொல்லும் அந்தத் தேநீர்க் கதை. சொல்லாமல் விட முடியாது.

ரோதம்ஸ்டெட்டில் மாலை 4 மணித் தேநீரே ஒரு பெண் விஞ்ஞானியால் வந்த வழக்கம். 1906இல் வினிஃப்ரெட் பிரெஞ்ச்லி என்ற தாவரவியலாளர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை ஆண்கள் மட்டுமே இருந்த இடம். ஒரு பெண்மணி வந்திருக்கிறார், அவரை எப்படி நடத்துவது என்று யாருக்கும் புரியவில்லை. தேநீராவது கொடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அன்று தொடங்கிய பழக்கம் நிலைத்துவிட்டது.

1920களின் தொடக்கத்தில் ஒரு மாலை, பாசிகளை ஆராயும் மியூரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானிக்கு ஃபிஷர் ஒரு கோப்பை தேநீரை நீட்டினார். அவர் வாங்க மறுத்தார். கோப்பையில் முதலில் பால் ஊற்றி அதன்மேல் தேநீர் ஊற்றினால்தான் பிடிக்கும் என்றார். எதை முதலில் ஊற்றினால் என்ன, சுவை ஒன்றுதானே என்றார் ஃபிஷர். இல்லை, குடித்தால் தெரியும் என்றார் அவர். (டிகாஷனில் பாலா, பாலில் டிகாஷனா என்று சண்டை போடும் வீடுகளுக்கு இது புதிதல்ல.) பக்கத்தில் இருந்த வில்லியம் ரோச் என்ற வேதியியலாளர், அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாமே என்றார். பிறகு மியூரியலை மணந்துகொண்டவர் அவர். அவருடைய ஆர்வத்துக்கு அறிவியல் மட்டும் காரணமாக இருந்திருக்காது.

இந்தக் கோப்பைகளைப் பெயர் எதுவும் குறிப்பிடாமல் தன் 1935ஆம் ஆண்டு நூலான 'சோதனைகளின் வடிவமைப்பு'க்குள் ஃபிஷர் கொண்டுவந்தார். எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். நான்கு நான்கு என்பது அம்மையாருக்கும் தெரியும். எந்த நான்கு என்பதை மட்டும் அவர் சுவைத்துச் சொல்ல வேண்டும். கோப்பைகள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதைச் சோதிப்பவர் தன் விருப்பப்படி அடுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும்.

எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. நாக்கில் எந்தத் திறமையும் இல்லாமல் குருட்டாம்போக்கில் சொல்பவர் எட்டையும் சரியாகச் சொல்லிவிட 70இல் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது. அப்படிச் சொல்லிவிட்டால், இது வெறும் அதிர்ஷ்டம் என்று அடம்பிடிப்பவர் 70இல் ஒன்றை நம்பிக் கட்சி கட்ட வேண்டியிருக்கும். சரி, நான்கில் மூன்றை மட்டும் சரியாகக் கண்டுபிடித்தால்? அப்படித் தவறுவதற்கு 16 வழிகள். முழுச் சரியையும் சேர்த்தால் 17. அதாவது நூற்றுக்கு 24 முறை குருட்டு அதிர்ஷ்டத்திலேயே அந்த அளவுக்கு வந்துவிடலாம். ஆகவே நான்குக்கு மூன்று என்பது பள்ளித் தேர்வில் நல்ல மதிப்பெண்ணாக இருக்கலாம், இங்கே அது சாட்சியே ஆகாது. ஒரு தவறை மன்னிக்க வேண்டுமானால் கோப்பைகளைக் கூட்ட வேண்டும். 12 கோப்பை வைத்தால் 924 வழிகள். ஒரு ஜோடி மாறினாலும் வாய்ப்பு நூற்றுக்கு 4தான். எத்தனை கோப்பை வைப்பது, எத்தனை தவறு பொறுப்பது என்பதையெல்லாம் கெட்டிலில் தண்ணீர் வைப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். குடித்து முடித்த பிறகு மூன்று சரியாக வந்ததே, போதாதா என்று பேரம் பேசக் கூடாது.

சீட்டு எதற்கு என்பதுதான் இதில் ஆழமான இடம். எட்டுக் கோப்பைகளையும் ஒன்றுபோல் ஆக்க முடியாது. ஒன்றில் சர்க்கரை ஒரு மணி கூடியிருக்கும், ஒன்று சற்று ஆறியிருக்கும், ஒன்றின் பீங்கான் தடித்திருக்கும். இவற்றையெல்லாம் தேடித் தேடிச் சமப்படுத்துவதற்கு முடிவே இல்லை. குலுக்கிவிட்டால், தெரிந்த வித்தியாசங்களும் சரி, யாருடைய மனத்திலும் தோன்றாத வித்தியாசங்களும் சரி, எந்தப் பக்கமும் வேண்டுமென்று சாயாது. 70இல் ஒன்று என்ற எண்ணுக்கு ஆதாரமே அந்தக் குலுக்கல்தான். கையால் அடுக்கியிருந்தால் அது வெறும் கற்பனை எண்.

முடிவு என்ன ஆயிற்று என்று ஃபிஷர் எழுதவில்லை. தன் பக்கத்தை நிரூபிக்கும் அளவுக்கு மியூரியல் சரியாகச் சொன்னார் என்பது ரோச்சின் சாட்சியம். வருங்காலக் கணவரின் சாட்சியம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்!

அதே சீட்டை வயலில் போட்டால்? 1926இல் வேளாண் அமைச்சகத்தின் இதழில் ஃபிஷர் எழுதிய ஒரு கட்டுரை அதைத்தான் செய்யச் சொன்னது. ஒவ்வோர் உரத்தையும் ஒரே இடத்தில் இடாமல் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப இட வேண்டும். ஒரே உரம் பெற்ற பாத்திகளுக்குள்ளேயே விளைச்சல் எவ்வளவு முன்னே பின்னே போகிறது என்று பார்த்தால், மண்ணின் தில்லுமுல்லு எவ்வளவு என்று தெரிந்துவிடும். உரங்களுக்கிடையிலான வித்தியாசம் அதைத் தாண்டி நின்றால்தான் பேச்சு. வயலில் மேடு ஒரு பக்கம், பள்ளம் ஒரு பக்கம் என்று தெரிந்தால், மேட்டை ஒரு தொகுதியாகவும் பள்ளத்தை ஒரு தொகுதியாகவும் வகுத்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா உரங்களும் வருமாறு வைக்க வேண்டும். மேட்டு உரம் மேட்டு உரத்தோடு மோதட்டும். தொகுதிக்குள் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டு சொல்லட்டும். தற்செயலாக 20இல் ஒரு முறைக்கு மேல் நேராத வித்தியாசத்தைக் கவனத்துக்குரியதாக எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவுகோலும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. தனக்கு வசதியாக இருக்கிறது என்று ஃபிஷர் போட்ட கோடு அது. பின்னால் வந்தவர்கள் அதைக் கல்வெட்டு ஆக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் ஃபிஷருக்கு ஒரே நாளில் உதித்ததல்ல. 1923இல் வினிஃப்ரெட் மெக்கென்ஸியுடன் சேர்ந்து 12 உருளைக்கிழங்கு ரகங்களில் உரச் சோதனை ஒன்றை அலசினார். மொத்த ஏற்ற இறக்கத்தை ரகத்தால் வந்தது, உரத்தால் வந்தது, மிச்சம் என்று பங்கு பிரிக்கும் முறை முதன்முதலாக அதில்தான் அச்சேறியது. ஆனால் அந்த வயலில் சீட்டுக் குலுக்கல் கிடையாது. பெரிய பாத்திக்குள் சின்னப் பாத்தி இருந்ததைக் கவனிக்காமல், எல்லாவற்றையும் ஒரே மிச்சத்தோடு ஒப்பிட்டுவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து வந்த தன் பாடநூலில் அதே உருளைக்கிழங்கை எடுத்து, இந்தத் தடவை சரியாகப் பிரித்துக் காட்டினார். பழைய தவறைப் பற்றி ஆரவாரம் எதுவும் செய்யவில்லை.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்பது அப்போதைய பொது விதி. அதையும் ஃபிஷர் தூக்கிப் போட்டார். 1927இல் தாமஸ் ஈடனுடன் சேர்ந்து வெளியிட்ட ஓட்ஸ் பயிர்ச் சோதனையில் இரண்டு வகை அம்மோனியா உரம், மூன்று அளவுகள், முன்னதாக இடுவது, தாமதமாக இடுவது என எல்லாவற்றையும் கலந்து, தொகுதிக்கு 12 பாத்தியாக 8 தொகுதிகள் அமைத்தார்கள். மொத்தம் 96 பாத்திகள். ஒவ்வொரு பாத்தியும் எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொன்னது. தனித்தனியாகக் கேட்டிருந்தால் மூன்று வயல் வேண்டும். அதைவிட முக்கியம், உரத்தின் அளவு கூடும்போது அதை இடும் காலமும் முக்கியமாகிறதா என்ற கேள்வியைத் தனித்தனி வயல்களில் கேட்கவே முடியாது.

எதிர்ப்பு வந்தது, அதுவும் நண்பரிடமிருந்து. கோசெட் அயர்லாந்தின் பார்லி வயல்களில் பல ஆண்டு நடந்தவர். விதைப்புக் கருவி நேர்கோட்டில்தான் போகும், அதைச் சீட்டு சொன்ன இடத்திலெல்லாம் திருப்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். கருவியில் பாதிக்கு ஒரு ரகம், பாதிக்கு மறு ரகம் போட்டு மாறி மாறிப் பட்டை விதைத்தால், இரண்டு ரகமும் எப்போதும் அடுத்தடுத்து நிற்கும். குருட்டுச் சீட்டு எல்லா நல்ல பாத்திகளையும் ஒரே ரகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஃபிஷரின் பதில்: உங்கள் பட்டையில் பிழை நிஜமாகவே குறைவாக இருக்கலாம். எவ்வளவு குறைவு என்று நாணயமாகச் சொல்ல உங்களிடம் வழியில்லை. வாதம் அச்சில் சூடாக நடந்துகொண்டிருந்தபோதே, 1937 அக்டோபரில் கோசெட் இறந்துபோனார். பிறகு அவரைப் பற்றி மரியாதையோடு அஞ்சலி எழுதியவர்களில் ஃபிஷரும் ஒருவர். பியர்சனுக்கு அவர் அப்படியொரு தாராளம் காட்டியதில்லை.

ஃபிஷரின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கேம்பிரிட்ஜில் அவர் படித்த கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில், ஏழு நிறங்கள் எந்த வரிசையிலும் எந்தப் பத்தியிலும் இரண்டு முறை வராத 'லத்தீன் சதுரம்' ஒன்றை வண்ணக் கண்ணாடி ஜன்னலாகப் பதித்திருந்தார்கள். அவர் நூலின் அட்டையில் இருந்த அதே சதுரம். 2020இல் அதைக் கழற்றினார்கள். மனிதர்களில் 'தகுதியானவர்கள்' பெருக வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் வாழ்நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்ததே காரணம். பாத்திகளுக்குள் பாரபட்சம் நுழையாமல் காவல் காத்தவருக்கு மனிதர்கள் விஷயத்தில் அந்தக் காவல் தோன்றவில்லை.

1938 ஜனவரியில் கல்கத்தாவில், பிரசந்த சந்திர மகலனோபிஸ் கூட்டிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்கு ஃபிஷர் தலைமை தாங்கினார். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிணப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்று அங்கே பேசினார். பிராட்பால்க் நோட்டுகளோடு மல்லாடிய அனுபவம் அதற்குள் இருக்கிறது.

அந்த 96 பாத்திகளில் கூட இருந்த ஈடன் என்ன ஆனார்? இலங்கைக்குப் போனார். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில், தலவாக்கலையின் செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் அவருக்கு வேலை. ஓட்ஸை விடத் தேயிலை சிக்கலானது. ஆண்டுக்கு ஒரு அறுவடை அல்ல. கவாத்து வெட்டுக்கும் கவாத்து வெட்டுக்கும் நடுவில் திரும்பத் திரும்பக் கொழுந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். செடியின் வயது, சரிவின் சாய்வு, மழை எல்லாம் கணக்கில் வரும். கூடவே, பறிக்கும் கை. மலையகத்தில் அந்தக் கை பெரும்பாலும் தமிழ்ப் பெண்ணுடையது. ஒருத்தி இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக மட்டும் கிள்ளுவாள், ஒருத்தி கூடையை நிறைக்கும் வேகத்தில் ஒரு இலை கூடவும் எடுப்பாள். ஒரு பாத்தியை எப்போதும் ஒருத்தியே பறித்தால் உரத்தின் கணக்கில் அவள் விரலும் சேர்ந்துவிடும். தேயிலை விளைச்சல் சோதனைகளில் எவ்வளவு பிழை நுழைகிறது என்பதைப் பற்றிய ஈடனின் ஆய்வு 1931இல் வெளியானது. கோப்பையில் தொடங்கிய கதை தேயிலைச் செடிக்கே வந்து சேர்ந்தது.

வயலைத் தாண்டி மருத்துவமனைக்குள் சீட்டு நுழைய இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போதுமான அளவு கிடைக்காத நேரத்தில், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் 107 நோயாளிகளை ஒட்டிய உறைகளில் இருந்த சீட்டுப்படி இரண்டாகப் பிரித்தார். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். உறையைப் பிரிக்கும்வரை எந்த நோயாளி எந்தப் பக்கம் என்று மருத்துவருக்கே தெரியாது. 1948இல் முடிவு வந்தது. அடுத்த எட்டு ஆண்டுகளில் அந்தச் சீட்டு சென்னை சேத்துப்பட்டுக்கு வந்துவிட்டது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் பிழைப்பாரா, நெரிசலான வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் பிழைப்பாரா என்பது அங்கே எழுந்த கேள்வி. அடுத்த இதழில் அந்த வாசலில் காத்திருந்தவர்களைப் பார்ப்போம்.

(தொடரும்)